சாமை மூட்டையும் கடன் நோட்டும்

2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்ததிலிருந்து, "கல்வராயன்மலைச் சாமையை அரிசியாக்கி விற்கலாம்னு இருக்கோம் ஐயா" என்று கள்ளக்குறிச்சிப் பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. மலையில் சாமை கிலோ 40 ரூபாய், டவுனில் அரிசி 80 ரூபாய், ஆகவே பாதிக்குப் பாதி லாபம் என்று போடாதே. (விலை ஒரு பேச்சுக்கு, நீ போகிற அன்றைய விலையைப் போட்டுக்கொள்.) 100 கிலோ சாமையை உமி நீக்கினால் ஏறக்குறைய 60 கிலோ அரிசிதான் தேறும். கொடுத்த 4,000 ரூபாய் அந்த 60 கிலோவின் தலையில் ஏறுகிறது. அடக்கம் அப்போதே கிலோவுக்கு 67 ரூபாய். வெள்ளிமலையிலிருந்து வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, அரவைக்கூலி, கவர், லேபிள் எல்லாம் இனிமேல்தான். உன் சம்பளம்? அதை யாருமே எழுதுவதில்லை.

2. லாபத்தைவிட, போட்ட பணம் எத்தனை நாளில் திரும்புகிறது என்று பார். மலையில் ரொக்கம் கொடுத்தால்தான் மூட்டை இறங்கும். டவுன் கடைக்காரரோ, "அடுத்த லோடுக்கு வரும்போது வாங்கிக்க தம்பி" என்பார். நடுவில் நிற்பது உன் பணம். அதோடு, அறுவடை ஒரு பருவத்தில்; விற்பனை வருஷம் முழுக்க. மூட்டைகளை வாங்கி அடுக்காமல் முடியாது. அடுக்குவதை உமியோடு அடுக்கு. தவிடு போகாத அரிசி சீக்கிரம் சிக்குவாடை அடித்துவிடும். ஆர்டர் வர வர அரைத்துக்கொள்.

3. மெஷின் கடைசி. முதல் வருஷம் அடுத்தவர் மில்லில் கூலிக்கு அரை. சொந்தமாக வாங்கினால் நீயும் கூலிக்கு அரைத்துக் கொடு. உன் மூட்டையை மட்டும் நம்பினால் பாதி வருஷம் மெஷின் சும்மா கிடக்கும்.

4. கல். ஒரு வாய் சோற்றில் கடிபட்டால் அந்த வீடு திரும்ப வாங்காது. சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி மில்லில் மரவள்ளிக்கு மாவுச்சத்தை அளந்து, பாயிண்ட் கணக்கில் விலை போடுகிறார்கள். சாமைக்கு அப்படி எதுவும் கிடையாது. கடைக்காரர் கையில் அள்ளிப் பார்ப்பதோடு சரி. ரோட்டில் அடித்த தானியத்தில் கல் இருக்கத்தான் செய்யும். தார்ப்பாய் விரித்து அடித்துத் தருகிறவருக்குக் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடக் கொடு. கல் பொறுக்கும் கூலியைவிட அது மலிவு.

5. மலையில் எடைபோடும்போது தராசு விற்கிறவர் கண்ணுக்கு எதிரே இருக்கட்டும்.

6. சொந்தக்காரர்கள் முதலில் வாங்கியதை விற்பனைக் கணக்கில் சேர்க்காதே.

7. மானியத்தைக் கைக்காசாக நினைக்காதே. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத்தில் பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் 35 சதவீதம் மானியம் உண்டு. ஆனால் அது 3 வருஷம் வங்கியில் டெபாசிட்டாக இருந்து, பிறகுதான் கடனில் கழியும். மூட்டை வாங்க அதை எடுக்க முடியாது. மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகும்போது திட்ட அறிக்கையில் நடைமுறை மூலதனத்தையும் எழுது: ஒரு பருவத்துச் சாமை, கடைகளில் நிற்கும் பாக்கி, இரண்டும் சேர்த்து. பல பேர் மெஷின் கொட்டேஷனை மட்டும் இணைத்துக்கொண்டு போகிறார்கள்.