முக்கால் அங்குலம்

கோவையில் ஒரு கார் ஷெட். சுவரில் ஆணியடித்து உடைந்த இரும்பு மூடி ஒன்றை மாட்டியிருக்கிறார் ஷெட்டின் சொந்தக்காரர். அரைவட்ட மூடி, ஒரு காது இல்லை. பார்க்க வருகிறவர்கள் அது என்னவென்று கேட்காமல் போவதில்லை. அவரும் எரிச்சலை மறைக்காமல் கதையைச் சொல்லிவிடுவார். இந்தக் கட்டுரையை எழுதுவதும் அவர்தான். பட்டதை ‘நான்’ என்று எழுதக் கை வரவில்லை, ‘அவர்’ என்றே இருக்கட்டும்.

வண்டி 1930-ஆம் வருட ஃபோர்டு மாடல் ஏ. வலப்பக்க ஸ்டீயரிங். கனடா ஃபோர்டின் கிளையாக 1926-ல் இந்தியாவில் தொடங்கிய கம்பெனி பம்பாய், கல்கத்தா, மதராஸ் பட்டறைகளில் இப்படிப்பட்ட வண்டிகளைப் பூட்டி விற்றது.

லாரிக்கு அடியில் குனிந்தால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியே தெரியும். மாடல் ஏ-யில் தெரியாது. ஷாஃப்ட் ஒரு தடித்த குழாய்க்குள் சுழல்கிறது. குழாயின் பின்முனை ஆக்ஸிலோடு இறுகப் பூட்டியது. முன்முனை பந்துபோல உருண்டு, கியர்பாக்ஸின் பின்னால் உள்ள கிண்ணத்தில் உட்காருகிறது. அந்தப் பந்துக்கு நடுவில் ஒரே ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட். சக்கரம் வண்டியை முன்னே தள்ளும் விசை முழுக்கக் குழாய் வழியாக இந்தப் பந்துக்கு வந்துதான் வண்டியைச் சேர்கிறது. ஃபோர்டு கார்களில் 1948 மாடல் வரை, செவர்லேயில் 1954 வரை, பியூக்கில் 1960 வரை இந்தக் குழாய் இருந்தது. ஓடும்போது சுகம். கிளட்ச் பிளேட் மாற்ற நினைத்தால்தான் தலைவலி.

அதற்கு வழி இரண்டு: இன்ஜினை முன்னால் தூக்கலாம், இல்லையென்றால் பின் ஆக்ஸிலைக் குழாயோடு பின்னால் உருட்டலாம். பழைய கார் வட்டாரத்து நண்பர் ஒருவர் “இன்ஜினைத் தூக்குங்க, வேற பேச்சே வேண்டாம்” என்றார். ஷெட்டின் உத்தரம் ஓட்டையே கஷ்டப்பட்டுத் தாங்குகிறது. அதில் இன்ஜினையா கட்டித் தொங்கவிடுவது? உங்கள் ஷெட்டும் அப்படித்தான் இருக்கும். ஆக்ஸிலை உருட்டுங்கள். அவர் அன்று செய்ததும் அதுதான், இன்றைக்கும் அதற்காக வருத்தப்படவில்லை.

கழற்றுவது ஒரு பகல் வேலை. பிரேக் ராடுகள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஷாக் அப்சார்பர் இணைப்புகள், குறுக்கு ஸ்பிரிங்கின் நடு யூ-போல்ட்டுகள். ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளையும் மட்டும் தொடாதீர்கள். இறுக்கத்தில் இருக்கும் அந்தப் பட்டை தெறித்தால் ஆளையே அடித்துவிடும். சக்கரங்கள் மாட்டியபடியே இருந்தால் ஆக்ஸில் தள்ளுவண்டி மாதிரி உருண்டு வரும்.

சிக்கல், திரும்பப் பூட்டும்போது. ஷாஃப்ட்டின் முனையிலுள்ள பற்கள் ஜாயிண்டின் பற்களுக்குள் நுழைய வேண்டும். ஜாயிண்டோ தூங்கி விழுகிற குழந்தையின் தலைபோலத் தொங்கும். முக்கால் அங்குலம் மிச்சம் இருக்க, குழாய் நின்றுவிட்டது. இரவு எட்டு மணி. முப்பது வருஷம் லாரி பார்த்த மெக்கானிக் சொன்னார்: “ரெண்டு நீள போல்ட்டப் போட்டு இழுத்துப்போடலாமுங்க சார். தானா வந்து உக்காந்துக்கும்.”

உட்காரவில்லை. பல் பல்லுக்கு நேராக முட்டிக்கொண்டு நிற்க, போல்ட்டு இறுக இறுகப் பந்தைப் பிடித்திருந்த மூடிதான் வளைந்தது. ‘டக்’ என்று ஒரு சத்தம். காது கீழே விழுந்தது. கழற்றிப் பார்த்தால் ஷாஃப்ட்டின் பல் முனைகளும் நசுங்கியிருந்தன. மூடி வெளிநாட்டிலிருந்து வந்து சேரப் பதினொரு வாரம் ஆயிற்று. மெக்கானிக் அன்றைய கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. ஸ்பேனரைப் பிடித்திருந்த கை யாருடையது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் முறை மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. நசுங்கிய பற்களை நைஸ் அரத்தால் ஒவ்வொன்றாகச் சீராக்கினார். உள்மூடியை முதலில் மாட்டி, பிறகு ஜாயிண்டைக் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டில் போல்ட் போட்டு முடுக்கினார். ஜாயிண்டைச் சுற்றித் தடித்த அட்டையைச் சுருட்டிச் செருகியதும் அது தலை தொங்காமல் நேராக நின்றது. வண்டியைக் கியரில் போட்டார். குழாய்க்கு அடியில் ஒரு ஜாக்கி வைத்து, கியர்பாக்ஸின் மட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு பின்சக்கரம் தரையில், மற்றது லேசாகத் தூக்கிய நிலையில். மனைவி அந்தச் சக்கரத்தைச் சுற்ற, அவர் ஆக்ஸிலைத் தள்ளினார். இந்த வண்டியின் பின்பல் விகிதம் சுமார் 3.78. ஒரு சக்கரம் அசையாமல் நின்றால், மற்றதன் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் ஏறக்குறைய இரண்டு சுற்றுச் சுற்றும். ஆகவே சக்கரத்தை விரல்கடை அளவு அசைத்தாலே போதும்.

“இன்னும் கொஞ்சம்... போதும், போதும்!” வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. கைத் தள்ளலே போதுமானதாக இருந்தது. அட்டையை உருவிவிட்டு, பந்து ஆடாமலும் அதே சமயம் இறுகிப்போகாமலும் காகிதப் பேக்கிங்கை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து மூடிகளைப் பூட்டினார். கிரீஸ் அடித்தார். மற்றதெல்லாம் கழற்றிய வரிசைக்குத் தலைகீழ்.

ஆனைகட்டி சாலையில் வண்டி ஓடுகிறது. “அன்னைக்கே இன்ஜினைத் தூக்கியிருந்தா மூடி உடைஞ்சிருக்குமா?” என்று அந்த நண்பர் இப்போதும் கேட்கிறார். அவருடைய இன்ஜின் போன தீபாவளியிலிருந்து செயின் பிளாக்கில் தொங்குகிறது.