நம்ம ஊரு ஏன் இவ்வளவு அமைதி?

கிராமம் என்றால் மாட்டு வண்டி, நகரம் என்றால் மாடிக் கட்டடம். சின்ன வயசிலிருந்து படங்களில் இப்படித்தான் பார்க்கிறோம். நம்ம காளப்பநாயக்கன்பட்டி எந்தப் படத்தில் வரும்? ரெண்டிலும் வராது! ஏனென்றால் நம்முடையது பேரூராட்சி. கிராம ஊராட்சியை விடப் பெரிது, நகராட்சியை விடச் சிறிது. வார்டு கவுன்சிலர், தலைவர், செயல் அலுவலர் எல்லாம் உண்டு. 2022 பிப்ரவரித் தேர்தலின்போது தமிழ்நாட்டில் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் இருந்தன. எண்ணிக்கையில் நம்ம கட்சிதான் பெரிசு! (நாமக்கல் அப்போது நகராட்சி. 2024-ல் மாநகராட்சி ஆனது.)

இந்த நடுவாந்தர நிலையில் ஒரு நஷ்டமும் இருந்தது. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டும்தான். நம்ம ஊரிலும் காட்டு வேலைக்குப் போய்ப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் வீடு பேரூராட்சி எல்லைக்குள் இருந்தால் வேலை அட்டை கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த அத்தைக்கு வேலை, இந்தப் பக்கம் இருந்த சித்திக்கு இல்லை. ரெண்டு பேரும் களை வெட்டியது ஒரே மாதிரிக் காட்டில்தான்!

சரி, அமைதிக்கு வருவோம். பகல் 12 மணிக்குக் கடைவீதியில் நின்று பாருங்கள். தாத்தா, பாட்டி, கைக்குழந்தை. மற்றவர்கள் எங்கே? நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் ஒருத்தர், கோழிப்பண்ணையில் ஒருத்தர், குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கிற மில்லில் ஒருத்தர். லாரியில் போன அண்ணன் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ! திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறியவர் போர் போட்டுவிட்டுத் திரும்ப மாதக் கணக்கில் ஆகும். ஊர் அமைதியாக இருக்கிறது என்று விருந்தாளிகள் புகழ்கிறார்கள். பாதிப் பேர் வெளியே போனதால் வந்த அமைதி என்பது அவர்களுக்குத் தெரியாது.

சத்தம் வருவது மலையால்தான். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவு ஏறப் போகிற பஸ்ஸும் காரும் நம்ம ஊர் வழியாகத்தான் போக வேண்டும். பலா, அன்னாசி, வாழை, மிளகு எல்லாம் இந்த வழியாகவும் இறங்கி வரும். ஆடி 17, 18-ல் வல்வில் ஓரி விழா வந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் கார்கள் நம்ம ஊரில் நிற்பதில்லை. ஹாரன் மட்டும் நமக்கு, காசு மலைக்கோ நாமக்கல்லுக்கோ! பக்கத்துப் பேளுக்குறிச்சியைப் பாருங்கள். மளிகைச் சந்தை ஒன்று இருப்பதால் வருஷத்துக்கு வேண்டிய மல்லியும் கடுகும் வாங்க வெளியூர்க்காரர்கள் அங்கே தேடி வருகிறார்கள்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் நடுமேற்கில் அயோவா என்று ஒரு மாநிலம். மக்காச்சோளத்துக்கும் முட்டைக்கும் பேர் போனது. நாமக்கல் முட்டைக்குப் பேர் போனது, நம்ம கோழிக்கும் தீனி மக்காச்சோளம்தான். அங்கேயும் சின்ன ஊர்களில் படித்த பிள்ளைகள் வேலை தேடிப் பெரிய நகரங்களுக்குப் போய்விடுகிறார்கள். டாலர் இருந்தும் அதே கதை!

பிளஸ் டூ அக்கா, அண்ணன்களே! இந்த ஊரிலேயே இருப்பதென்றால் உங்களுக்கு என்ன வேலை இங்கே வேண்டும்? மிளகு, பலா வைத்து ஒரு சின்னத் தொழிற்சாலையா, கார்கள் நிற்கிற மாதிரி ஒரு சந்தையா? ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்த சுவரிதழில் ஒட்டுகிறோம்.