வரம்புப் புல்லில் ஒரு வேட்டைக்காரன்

இடம்பெயர்ந்திருந்து இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களுக்குத் திரும்பும்போது, பற்றை மூடிய வரம்புக்கு நெருப்பு வைக்கவே நமக்குக் கை துடிக்கும். அதற்குமுன் புல்லைச் சற்று விலக்கிப் பார்ப்போம். ஊசித்தும்பி போல ஒடுங்கிய உடலும் நீண்ட பின்னங்கால்களும் கொண்ட பூச்சியொன்று தென்படலாம். தும்பிக்கு இரண்டு சோடிச் சிறகுகள். இதற்கு ஒரு சோடிதான். இது மெல்லிய கொள்ளை ஈ.

உலகில் 7000க்கு மேற்பட்ட கொள்ளை ஈ இனங்கள் அறியப்பட்டுள்ளன. பருத்தவை பறக்கும் பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும்; தேனீயையும் விடா. மெல்லியவையோ புல்லிடையே மெதுவாகப் பறந்து, இலையில் இருக்கும் தத்தி, அழுக்கணவன் போன்ற சிறியவற்றைக் கவரும். கூரிய வாயால் குத்தி நஞ்சைச் செலுத்தி, உள்ளே கரைந்ததை உறிஞ்சும்.

இந்த ஈ மட்டும் பயிரைக் காத்துவிடாது. சிலந்தி, தும்பி எல்லாம் சேர்ந்தே தத்தியை அடக்குகின்றன. மருந்து இவற்றையும் கொல்லும். பிறகு தத்திதான் முந்திப் பெருகும். இந்தோனேசியாவில் இப்படி நடந்ததால் 1986 இல் 57 பூச்சிநாசினிகளை நெல்லுக்கு அடிக்கத் தடைவிதித்தார்கள்.

வரம்பை எரிக்காமல் வெட்டுவோம். ஒரு பக்கத்தை வெட்டி, மறுபக்கத்தை இரண்டு கிழமை கழித்து வெட்டலாம்.