நடமாடும் வானொலி நிலையம்

1961 ஜூலை 12ஆம் நாள் பான்ஷெட் அணை உடைந்தது. அவ்வெள்ளம் கடக்வாஸ்லா அணையையும் உடைத்து, முட்டா ஆற்றின் வழியே புனே நகரினுள் புகுந்தது. இத்தகைய பேரிடர்களில் மின்சாரமும் தொலைபேசியும் செயலிழக்கும்போது, செய்தித் தொடர்புக்குக் கைகொடுக்க வல்லது வாகனத்தில் அமைந்த அமெச்சூர் வானொலி நிலையம். தேவையான மின்சாரத்தை வாகனமே தருகிறது. தேவைப்படும் இடத்திற்கும் அதுவே கொண்டு செல்கிறது. மத்திய அரசின் உரிமம் பெற்றோரே இதனை இயக்கலாம்.

144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் 50 வாட் திறனுடன் இயங்கும் கருவி, பேசும்போது ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே பாட்டரியிலிருந்து நேரடியாகத் தடித்த கம்பிகளை இழுத்து, பாட்டரியின் அருகிலேயே ஃபியூஸ் பொருத்த வேண்டும். கம்பியின் உறை தேய்ந்து வாகனத்தின் உலோகப் பகுதியில் பட்டால், தீ விபத்தைத் தடுப்பது அந்த ஃபியூஸே.

இவ்வலைவரிசைக்குரிய கால் அலை ஏரியலின் நீளம் ஏறத்தாழ அரை மீட்டர். அதைக் கூரையின் நடுவில் நிறுத்துவதே சிறந்தது. உலோகக் கூரை ஏரியலின் மறுபாதியாகப் பணிபுரிகிறது. ஓரத்தில் வைத்தால் எல்லாத் திசைகளிலும் அலை சமமாகப் பரவாது.

இவ்வலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வன. குன்றுகள் சூழ்ந்த புனேயில், பள்ளத்தில் நிற்கும் வாகனத்தின் குரல் எட்டாமற் போகலாம்; மேட்டில் ஏறினால் எட்டலாம். எவ்விடத்திலிருந்து எவரோடு பேச முடியும் என்பதை மழைக்காலத்திற்கு முன்பே சோதித்துக் குறித்துவைத்தல் இன்றியமையாதது. வெள்ளம் வந்தபின் அதற்கு அவகாசம் இராது.