ஆடுகளத்தில் மலரும் நட்பு

நுழையும்முன்

ஆட்டம் முடிந்ததும் வெற்றியும் தோல்வியும் ஏட்டில் வெறும் எண்களாகிவிடுகின்றன. ஆடியவர் நெஞ்சில் நிலைத்திருப்பது உடன் ஆடியவரின் நினைவே. அந்நினைவைக் கதையாக்குவதில் ஜப்பானிய அசைவூட்டத் திரைப்படங்கள் தனியிடம் பெற்றுள்ளன. அவற்றுள் இரண்டினை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

படக்கதையிலிருந்து திரைக்கு

ஜப்பானியர் படக்கதைகளை 'மங்கா' என்றும் அசைவூட்டப் படங்களை 'அனிமே' என்றும் வழங்குவர். தகேஹிகோ இனோவே வரைந்த 'ஸ்லாம் டங்க்' என்னும் கூடைப்பந்து மங்கா, 1990 முதல் 1996 வரை வார இதழில் தொடராக வெளிவந்து, 31 தொகுதிகளாக நூல்வடிவம் பெற்றது. அதன் இறுதியில் ஷோஹோக்கு பள்ளியும் வலிமைமிக்க சன்னோ பள்ளியும் மோதும் போட்டி இடம்பெறுகிறது. அப்போட்டியை இனோவே தாமே எழுதி இயக்கி, 2022ஆம் ஆண்டு 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' என்னும் திரைப்படமாக்கினார்.

மங்காவின் நாயகன் புதிய ஆட்டக்காரனான சகுராகி. திரைப்படமோ அதே அணியின் உயரம் குறைந்த வீரனான ரியோத்தா மியாகியின் வாழ்வை மையமாகக் கொள்கிறது. பலரும் அறிந்த கதையை, அதுவரை ஓரத்தில் நின்றவன் வழியாகச் சொல்லும்போது அது புதுக்கதையாகிறது.

இழப்பும் ஆட்டமும்

ஒகினாவாவில் பிறந்த மியாகிக்குக் கூடைப்பந்தைக் கற்பித்தவன் அண்ணன் சோத்தா. படகில் மீன்பிடிக்கச் சென்ற அண்ணன் திரும்பவில்லை. தன்னோடு விளையாடாமல் புறப்பட்டவனைத் திரும்பி வராதே என்று சினந்து கூறிய சொல், தம்பியின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருக்கிறது. சன்னோ அணியை வெல்ல வேண்டும் என்பது அண்ணனின் கனவு. அவன் அணிந்த 7ஆம் எண்ணையே தம்பியும் அணிந்து களமிறங்குகிறான்.

போட்டி முன்னோக்கி ஓட, கதை பின்னோக்கிச் செல்கிறது. உயிரோடிருப்பவன் தானாக இருப்பதற்குத் தாயிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிய வரியைக் கசக்கி எறிந்துவிட்டு, மியாகி வேறொரு மடலை எழுதுகிறான். அவன் எதிரணியின் தடுப்பை ஊடுருவிப் பந்தைக் கொண்டுசெல்லும் காட்சி, குற்றவுணர்வின் அரணை உடைத்து வெளிவரும் காட்சியாகவும் அமைகிறது.

சொல்லில் அடங்காத நட்பு

இவ்வணியினர் தொடக்கத்தில் நண்பர்கள் அல்லர். மியாகியும் மிட்சுயியும் ஒருகாலத்தில் அடித்துக்கொண்டவர்கள். சகுராகியும் ருகாவாவும் ஓயாது பூசலிடுபவர்கள். எனினும், தளர்ந்து கையைத் தூக்கவும் இயலாத மிட்சுயி, தோழர்கள் பந்தைத் தன்னிடம் சேர்ப்பார்கள் என்ற நம்பிக்கையால் தொடர்ந்து எறிகிறான். இறுதி நொடிகளில் ருகாவா தந்த பந்தைச் சகுராகி கூடையில் இடுகிறான். 79-78 என்ற கணக்கில் ஷோஹோக்கு வெல்கிறது. பகைத்திருந்த இருவரும் ஓங்கிக் கைதட்டிக்கொள்கின்றனர். நட்பு என்பது ஒத்த கருத்தன்று. உரிய நேரத்தில் பந்தைக் கொடுக்கும் நம்பிக்கை என்பதை இக்காட்சி உணர்த்துகிறது.

அந்நொடிகளில் ஒலி அடங்கிவிடுகிறது. இரு நிகழ்வுகளுக்கு நடுவே அமையும் இடைவெளியை ஜப்பானியக் கலைமரபு 'மா' என்று குறிக்கும். அம்மரபை அறிந்தோர் இவ்வமைதியின் ஆழத்தை எளிதில் உணர்வர்.

வலைக்கு அப்பாலும் நட்பு

ஹருஇச்சி ஃபுருடாதேயின் 'ஹைக்யூ' மங்காவைத் தழுவி 2024இல் ஒரு கையுந்துபந்துத் திரைப்படம் வெளிவந்தது. அதில் வரும் கென்மா, இளமைத் தோழன் குரோவின் தூண்டுதலால் ஆடவந்தவன், ஆட்டத்தில் பற்றற்றவன். வலைக்கு மறுபுறம் நிற்கும் ஹினாதாவோ சோர்வறியாதவன். இறுதிப் பந்தாட்டம் கென்மாவின் கண்களாலேயே காட்டப்படுகிறது. களைத்து விழும் அவன் ஆட்டம் இன்பமானது என்று மனம்திறக்கிறான். ஆடக் கற்பித்த குரோவுக்கு நன்றி கூறுகிறான். அவன் அணி தோற்கிறது. ஆயினும் அவன் இழந்தது ஏதுமில்லை.

எதிர்த்து ஆடுபவரும் நம்மை வளர்ப்பவரே. இவ்வுண்மையை உணர்ந்தவருக்கு ஆடுகளம் போர்க்களமன்று. உறவு விளையும் நிலம்.

தெரியுமா?

'ஸ்லாம் டங்க்' தொலைக்காட்சித் தொடர் 1993 முதல் 1996 வரை 101 பகுதிகளாக ஒளிபரப்பானது. சன்னோ போட்டியை எட்டுமுன்பே அது நிறைவுற்றது.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் அறிந்த கதையொன்றைத் துணைமாந்தர் ஒருவரின் பார்வையில் திருப்பி எழுதுக.
2. 'எதிரணியினரும் நண்பரே' என்னும் தலைப்பில் வகுப்பறையில் உரையாடுக.