வெயிலைப் பார்த்து விளையாடுவோம்: அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக்கு ஒரு கோடைப் பாடம்

பரீட்சை முடிஞ்சு ரெண்டு நாள்கூட ஆகியிருக்காது. காலை பதினோரு மணி. வெளியே தார் ரோடு கொதிக்குது. "அம்மா, போரடிக்குது" என்று பிள்ளை வந்து நிற்கும். உங்களுக்கு அடுப்படியில் வேலை, அப்பாவுக்குத் தறியில் வேலை. வேறு வழி தெரியாமல் கைப்பேசியை எடுத்துக் கொடுப்பீர்கள். ஒரு வாரத்தில் அதுவே பழக்கமாகிவிடும். அப்புறம் பிடுங்கினால் அழுகை, கொடுத்தால் உங்களுக்குக் கவலை.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு. "சரி, மீதி நேரத்துக்கு என்ன செய்ய? இந்த வறண்ட காட்டுல என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. எதை எப்போது செய்வது என்பதை வெயிலைப் பார்த்து முடிவு செய்தால் போதும். நாளை மூன்றாகப் பிரிப்போம்.

காலை 6 முதல் 8.30 வரை: கண்மாய்க்குள் ஒரு நடை

கோடையில் நம் கண்மாய்கள் பெரும்பாலும் வறண்டு கிடக்கும். அதைப் பார்த்து வருத்தப்படுகிறோம். ஆனால் ஒரு கண்மாய் எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல நேரம் கிடையாது. செருப்புப் போட்டு (நெருஞ்சியும் கருவேல முள்ளும் இருக்கும்), தண்ணீர் பாட்டிலோடு கிளம்புங்க.

முதலில் கரைமேல் நின்று காட்டுங்க. தண்ணீர் உள்ளே வரும் வழி வரத்துக்கால். வயலுக்குத் தண்ணீர் விடும் வழி மடை. நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம் கலுங்கு. "கலுங்கு இல்லேன்னா என்ன ஆகும்?" என்று கேளுங்க. கரை உடையும் என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். விடையை நீங்க முந்திச் சொல்ல வேணாம்.

அடுத்து கரிசல் வெடிப்பு. ஒரு குச்சியை உள்ளே விட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று சாணில் அளக்கச் சொல்லுங்க. விரலை விட வேணாம், பூச்சி பொட்டு இருக்கலாம். கரிசல் மண்ணில் களி அதிகம். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால்தான் இந்த வெடிப்பு. ஒரு பிடி கரிசல் மண்ணும் ஒரு பிடி மணலும் வீட்டுக்குக் கொண்டுவாங்க. இரண்டையும் குழைத்துத் தனித்தனித் தட்டில் பரப்பி வெயிலில் வையுங்க. நன்றாகக் காய்ந்தபின் எது வெடித்தது, எது வெடிக்கவில்லை என்று பார்க்கட்டும். செலவில்லாத அறிவியல் பாடம் இது.

காலை 11 முதல் மாலை 4 வரை: வீட்டுக்குள்

இந்த நேரத்தில் சின்னப் பிள்ளைகளை வெளியே விடாதீங்க. வீட்டுக்குள்ளேயே ஆட்டம் இருக்கிறது.

பல்லாங்குழிப் பலகை இல்லையென்றால் தரையில் சாக்பீஸால் ஏழேழாக இரண்டு வரிசை வட்டம் போடுங்க. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. மொத்தம் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்க. 14 குழிக்கு 70 வரும். ஐந்தாம் வாய்ப்பாடு அங்கேயே பதிந்துவிடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை பக்கத்தில் இருந்தால் மட்டும் கவனம். கொட்டையை வாயில் போட்டு விழுங்கினால் மூச்சடைக்கும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ஆடு புலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகள் சேர்ந்து நின்றால் புலியைக் கட்டிப்போடலாம் என்று ஆடி ஆடியே தெரிந்துகொள்வார்கள். வீட்டில் அப்பத்தாவோ தாத்தாவோ இருந்தால் அவங்களையே ஆசிரியராக உட்கார வையுங்க. அவங்களுக்கும் பொழுது நல்லாப் போகும்.

மாலை 5-க்கு மேல்: ஊரே பள்ளிக்கூடம்

இது நுங்கு காலம். தின்றுவிட்டு மட்டையைத் தூக்கிப் போடாதீங்க. இரண்டு மட்டை, நடுவில் ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக்கம்பு. நுங்கு வண்டி தயார். பனை ஓலையை மடித்துக் கருவேல முள்ளில் குத்தினால் காற்றாடி. முள் குத்தும் வேலை மட்டும் பெரியவங்களுடையது.

அருப்புக்கோட்டை நெசவு ஊர். தெரிந்தவர் வீட்டில் தறி இருந்தால் கேட்டுக்கொண்டு பிள்ளையை அழைத்துப் போங்க. நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடை. தான் போட்டிருக்கும் சட்டை எப்படி உண்டானது என்று பத்து நிமிடத்தில் புரியும்.

திருச்சுழிப் பக்கம் என்றால் குண்டாற்றங்கரையும், சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயிலும் இருக்கின்றன. 1879 டிசம்பர் 30 அன்று ரமண மகரிஷி பிறந்த ஊர் அது. வேங்கடராமன் என்ற பெயரோடு அவர் சிறுவனாக ஓடியாடிய தெருவில் நம் பிள்ளையும் நடக்கட்டும்.

ஒரு நாள் பயணம்: கீழடி

விடுமுறையில் ஒரு நாளாவது வெளியூர் போக ஆசை இருக்கும். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் நமக்கு எட்டுகிற தூரம்தான். அங்கே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பகடைக்காய்களும் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் இருக்கின்றன. முந்தின நாள் வாசலில் பாண்டி ஆடவிட்டு, மறுநாள் அங்கே கூட்டிப்போங்க. "இது நம்ம சில்லு மாதிரியே இருக்கே" என்று பிள்ளை சொன்னால் போன காரியம் முடிந்தது. நம் மாவட்டத்து வெம்பக்கோட்டை அகழாய்விலும் ஆட்டக்காய்கள் கிடைத்திருக்கின்றன. புத்தகம் பிடித்த பிள்ளை என்றால் மதுரை நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. விடுமுறை நாளையும் நேரத்தையும் பார்த்துக்கொண்டு கிளம்புங்க.

அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. ரயிலிலும் தனிப் படுக்கையோ இருக்கையோ கேட்காவிட்டால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் விருதுநகர் – மானாமதுரை ரயில் பாதையில்தான் இருக்கின்றன.

இந்த மூன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம்

1. தண்ணீர். வறண்ட ஊர்தானே என்று அசந்துவிடாதீங்க. மண் அள்ளிய பள்ளம், கல்குவாரிக் குழி, சுவர் இல்லாத கிணறு. ஒரு கோடை மழை பெய்தால் இவற்றில் தண்ணீர் நிற்கும். மேலே பார்த்தால் முழங்கால் ஆழம் போலத் தெரியும். அடுத்த அடியில் ஆள் மூழ்கும். தண்ணீர் பக்கத்தில் பிள்ளை எப்போதும் உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்கணும். யாராவது விழுந்துவிட்டால், நீச்சல் தெரியாதவர் குதிக்கக் கூடாது. சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட்டு, கயிறோ சேலையோ கம்போ நீட்டுங்க. இதைப் பிள்ளைகளுக்கும் இன்றைக்கே சொல்லிக் கொடுங்க. கூட வந்தவனைக் காப்பாற்றக் குதிக்கும் பிள்ளையும் சேர்ந்தே மூழ்கும்.

2. வெயில். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர், மோர் கொடுங்க. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும்; கோடையிலும் தண்ணீர் வேண்டாம், அடிக்கடி பால் கொடுங்க. உடம்பு அனலாகக் கொதித்து, பிள்ளை குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ அது சாதாரணக் களைப்பு அல்ல. உடனே 108-ஐ அழைத்து, நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்க. மயக்கத்தில் இருக்கும்போது வாயில் எதையும் ஊற்றாதீங்க.

3. கார். "ஒரு நிமிஷம்தானே" என்று பூட்டிய காருக்குள் குழந்தையை விட்டுவிட்டுப் போகாதீங்க. வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு சில நிமிடங்களிலேயே ஏறிவிடும்.

இன்றைக்கே உங்கள் கைப்பேசியில்

இந்த எண்களைப் பதிந்து வையுங்க: ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, குழந்தைகள் உதவி 1098, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. டி.என். அலர்ட் செயலியில் மறுநாள் வானிலையைப் பார்த்துவிட்டு, எத்தனை மணிக்கு வெளியே போவது என்று ராத்திரியே முடிவு செய்யுங்க. அதோடு கைப்பேசியின் வேலை முடிந்தது. அதை அலமாரியில் வைத்துவிட்டு, நாளைக் காலை ஆறு மணிக்குப் பிள்ளையோடு கண்மாய்க் கரையில் ஏறி நில்லுங்க. "கலுங்கு எங்கே இருக்கு, காட்டு பார்ப்போம்" என்று கேளுங்க.