கார் ஏ.சி.யில் சூடான காற்றா? கேஸ் நிரப்பும் முன் இவற்றைப் பாருங்கள்

கத்திரி வெயில் தொடங்கினால் போதும், ஏ.சி. மெக்கானிக் கடைகளில் கார்கள் வரிசை கட்டிவிடும். பல இடங்களில் கிடைக்கும் முதல் பதில், "கேஸ் குறைஞ்சிருக்கும் சார், போட்டுடலாம்" என்பதுதான். ஆனால், ஏ.சி. கேஸ் பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள்ளேயே அது சுற்றி வருகிறது. பல ஆண்டுகளில் சிறிதளவு குறையலாம். சட்டென்று குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கேஸ் சரியாக இருந்தும் சூடான காற்று வருவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை இவை.

1. முதலில் பட்டன்களைப் பாருங்கள். ஏ.சி. விளக்கு எரிகிறதா, வெப்பநிலைத் திருகு முழுக் குளிரில் இருக்கிறதா, உள்காற்றே சுழலும்படி வைத்திருக்கிறீர்களா? வெளிக்காற்றை இழுக்கும் நிலையில் இருந்தால், உச்சி வெயிலில் எந்த ஏ.சி.யும் திணறும்.

2. குறைவது குளிரா, காற்றா என்று பிரித்துப் பாருங்கள். காற்று குளிர்ச்சியாக, ஆனால் மெதுவாக வந்தால், கேபின் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். பல கார்களில் இது டேஷ்போர்டின் இடப்பக்கப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும், கையாலேயே கழற்றலாம். கறுத்துப்போயிருந்தால் புதிதாக மாற்றுவதே நல்லது. தாள் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது.

3. வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடாகிறதா? முன்பக்கத்து மின்விசிறியைச் சந்தேகியுங்கள். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, எஞ்சினையும் ஏ.சி.யையும் போட்டு, பானட்டைத் திறந்து பாருங்கள். விசிறி சற்று நேரத்தில் சுழல வேண்டும். அது எந்த நொடியிலும் கிளம்பும் என்பதால் கை, துப்பட்டா, துண்டு எதுவும் அருகில் போகக் கூடாது.

4. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில்தான் ஏ.சி. தன் சூட்டை வெளியேற்றுகிறது. தூசி, பூச்சி, சருகு அடைத்தால் சூடு வெளியேறாது. எஞ்சின் ஆறிய பிறகு, சாதாரணக் குழாய்த் தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கமாகப் பிடித்தால், மெல்லிய அலுமினியத் தகடுகள் வளைந்து காற்றின் வழி மேலும் அடைபடும்.

5. பல கார்களில் ஏ.சி.யைப் போட்டதும் கம்ப்ரஸரின் கிளட்ச்சிலிருந்து 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். எஞ்சின் ஓட்டமும் லேசாக மாறும். இரண்டும் இல்லையென்றால் ஃப்யூஸைப் பாருங்கள். எது ஏ.சி. ஃப்யூஸ் என்பது பெட்டியின் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். அதே ஆம்பியர் ஃப்யூஸையே போடுங்கள். கூடுதல் ஆம்பியர் போட்டால் வயரிங் எரியும். வண்டியைச் சில நாள் எடுக்காமல் விட்டிருந்தால், எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். சில புதிய மாடல்களில் கிளட்ச் இல்லாத கம்ப்ரஸர் உண்டு. அவற்றில் இந்தச் சத்தத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

6. நெடும்பயணத்தில் ஒரு மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே குறைந்துபோனால், உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் பனி பிடித்திருக்கலாம். ஏ.சி.யை அணைத்து, ப்ளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். பனி கரைந்து குளிர் திரும்பினால், அந்தக் காயிலின் சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

7. டேஷ்போர்டுக்குள் 'டக் டக்' என்று சத்தம் வந்து, குளிரும் இல்லையென்றால், சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் கதவை இயக்கும் சிறிய மோட்டார் பழுதாகியிருக்கலாம். இதற்கும் கேஸுக்கும் சம்பந்தமில்லை.

8. எஞ்சின் வெப்பமுள் மேலே ஏறினால், பல கார்கள் ஏ.சி.யைத் தாமாகவே நிறுத்திவிடும். அப்போது கவனிக்க வேண்டியது கூலன்ட்டை. சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

9. ஏ.சி. குழாய் இணைப்புகளிலோ கண்டென்சரிலோ எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரிந்தால், கேஸ் கசியும் இடம் அதுவாக இருக்கலாம். கம்ப்ரஸர் எண்ணெய் கேஸோடு கலந்தே ஓடுவதால், கேஸ் போகும் வழியில் அதுவும் வெளியேறும். வண்டிக்கு அடியில் சொட்டும் சுத்தமான தண்ணீர் கசிவல்ல, அது இயல்பு.

10. கேஸ் போடத்தான் வேண்டும் என்றால், முதலில் லீக் பார்த்து அடைக்கச் சொல்லுங்கள். பிறகு வேக்குவம் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுக்க வேண்டும். கேஸின் வகையும் எடையும் பானட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். ஆர்-134ஏ கேட்கும் வண்டியில் ஆர்-1234ஒய்எஃப் போடக் கூடாது, மாற்றியும் கூடாது. அளவு மிஞ்சினாலும் குளிர் குறையும். சமையல் கேஸை நிரப்புவது தீ விபத்தை விலைக்கு வாங்குவது.

11. மின்சார, ஹைப்ரிட் கார்களில் ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவே வேண்டாம். அவற்றில் உயர் மின்னழுத்தம் ஓடும். அந்தக் கம்ப்ரஸருக்கான எண்ணெயும் வேறு. அந்த வகை வண்டிகளைப் பழகிய மெக்கானிக்கிடமே விடுங்கள்.

12. மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓட்டுங்கள். எண்ணெய் சுற்றினால்தான் கம்ப்ரஸர் சீல் காயாமல் இருக்கும்.

கேஸ் நிரப்பினால், எத்தனை கிராம் போட்டார்கள் என்று பில்லில் எழுதி வாங்கி வையுங்கள். அடுத்த கோடையிலும் ஏறக்குறைய அதே அளவு கேட்டால், கசிவை யாரும் அடைக்கவில்லை என்று அந்த பில்லே சொல்லிவிடும்.